மறு: பேஸ் பெட்டிக்கு ‘உணர்திறன்’ எதற்கு? ‘ஒலியெடுப்பு’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

> 300 வாட் பேஸ் கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்றும் 500 வாட் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். எங்கள் மெல்லிசைக் குழுவுக்குப் பெரும்பாலும் திறந்தவெளி மேடைதான். எது போதும்?
> — குடியாத்தம்

குடியாத்தம் தம்பிக்கு வந்த பதில்கள் எல்லாமே வாட் கணக்கு. ‘ஐந்நூறே எடு, கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கூட்டத்துக்கு முந்நூறு எந்த மூலைக்கு’ என்ற வகை. ஆம்ப்புக்குக் கீழே என்ன ஸ்பீக்கர் பெட்டி வைக்கப் போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் குழு தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலுக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம். பெட்டியின் விவரத்தாளில் ‘சென்சிடிவிட்டி 97 டெசிபெல்’ என்று ஒரு வரி இருக்கும். அதற்கு ‘உணர்திறன்’ என்று எழுதி வைத்திருக்கிறோம். படிக்கிறவன் ஏதோ நுட்பமான விஷயம் போலிருக்கிறது என்று தாண்டிப் போய்விடுகிறான். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய எண்ணே அதுதான்.

அந்த எண் சொல்வது இவ்வளவே: பெட்டிக்கு ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எவ்வளவு சத்தம் வருகிறது. மைக்குக்கு உணர்திறன் என்பது பொருத்தமான சொல், ஏனென்றால் மைக் உணர்கிறது. ஸ்பீக்கர் எதையும் உணர்வதில்லை. வாங்கியதைச் சத்தமாக்கித் தருகிறது, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். திறனை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல். 300-இலிருந்து 500 வாட்டுக்குப் போனால் 2.2 டெசிபெல்தான் கூடும். மேடையில் டிரம்ஸ் அடிக்கும்போது அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதே கடினம். காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். பெட்டிகளுக்குள் இருக்கும் வித்தியாசமோ பெரிது. 94 டெசிபெல் பெட்டி ஒன்று, 100 டெசிபெல் பெட்டி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். முதல் பெட்டிக்கு 500 வாட் கொடுத்தால் கணக்குப்படி 121 டெசிபெல். இரண்டாவதற்கு 125 வாட்டிலேயே அதே 121 வந்துவிடும். தம்பி ஆம்ப்புக்குக் கூடுதலாகக் கொடுக்க நினைக்கும் பணம் பெட்டிக்குப் போக வேண்டிய பணம் என்று இதனால்தான் சொல்கிறேன்.

பெட்டியின் முதுகில் ‘500 வாட்’ என்று ஒட்டியிருப்பதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது தாங்குதிறன். அதைத் தாண்டினால் சுருள் கருகும் என்கிற எச்சரிக்கை. ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நம் பட்டியலில் ‘தாங்குதிறன்’, ‘உணர்திறன்’ இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டும் ‘திறன்’ என்று முடிவதால் வாட்டோடு ஒட்டிக்கொள்கின்றன. இயற்பியலில் ‘திறன்’ என்றாலே வாட்தானே.

என் முன்மொழிவு: ஒலியெடுப்பு.

இது நான் மேசையில் உட்கார்ந்து செய்த சொல் இல்லை. நம் பக்கத்து மைக் செட்காரர்கள் ‘இந்த பாக்ஸ் நல்லா எடுக்குது’, ‘அது எடுக்காது, ஆம்ப்ப எவ்ளோ ஏத்துனாலும் அவ்ளோதான்’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டாவது வாக்கியம் குறைந்த சென்சிடிவிட்டிக்கு எழுதிய வரையறை போலவே இருக்கிறது. அதற்கும் முன்னால், வட ஆர்க்காட்டுக் கூத்தில் குரலுக்குச் சொல்வார்கள். மைக் இல்லாத காலத்தில் முகவீணைக்கும் மத்தளத்துக்கும் மேலே, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாட வேண்டும். அதே மூச்சைச் செலவழித்து ஒருவர் குரல் எட்டும், இன்னொருவர் குரல் எட்டாது. எட்டுகிறதை எடுப்பான குரல் என்போம். நமக்கு வேண்டிய பொருளும் இதுவே: அதே வாட், அதிகச் சத்தம்.

போட்டிச் சொற்களையும் பார்த்தேன். ‘ஒலியீட்டம்’ என்று ஒருவர் முன்பு எழுதியிருந்தார். பொருள் சரி, ஆனால் ஈட்டம் என்றால் சேர்த்து வைப்பது என்ற வாடையும் இருக்கிறது, பெட்டி எதையும் சேர்த்து வைப்பதில்லை. ‘பயனுறுதிறன்’ கூடவே கூடாது. அது எஃபிஷியன்சி: உள்ளே போன மின்திறனில் எத்தனை சதவீதம் ஒலித்திறனாக வெளியே வந்தது என்பது. பெரும்பாலான ஸ்பீக்கர்களில் அது ஒற்றை இலக்கச் சதவீதத்தில் நின்றுவிடும், மீதி வெப்பம். அதுவும் சென்சிடிவிட்டியும் உறவுக்காரச் சொற்கள்தான். அலகு வேறு, அளக்கும் முறை வேறு.

ஒலியெடுப்பிலும் ஒரு சூது உண்டு. சில நிறுவனங்கள் ஒரு வாட் கொடுத்து அளக்காமல் 2.83 வோல்ட் கொடுத்து அளப்பார்கள். 8 ஓம் பெட்டிக்கு 2.83 வோல்ட் என்றால் சரியாக ஒரு வாட். 4 ஓம் பெட்டிக்கோ அது இரண்டு வாட். உட்கார்ந்த இடத்திலேயே 3 டெசிபெல் லாபம்! அதனால் பட்டியலில் ‘வாட் எடுப்பு’, ‘வோல்ட் எடுப்பு’ என்று இரண்டு துணைச்சொற்களும் வேண்டும். உணர்திறனை வைத்துக்கொண்டு இந்தப் பிரிவைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

ஹெட் (தனி ஆம்ப்), கேபினெட் (தனி ஸ்பீக்கர் பெட்டி), காம்போ (இரண்டும் ஒன்றாக) பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஹெட்டுக்குத் ‘தலை’ வேண்டவே வேண்டாம், ‘பெருக்கி’ போதும். கேபினெட் ‘பெட்டி’. காம்போ காம்போவாகவே இருக்கட்டும். ஆனால் ‘ஒலிபெருக்கி’யை எங்கும் வைக்காதீர்கள். ஊரில் அது ஸ்பீக்கரையும் குறிக்கும், மொத்த மைக் செட்டையும் குறிக்கும். பெருக்குகிற வேலையைச் செய்யும் ஆம்ப்பை மட்டும் தனியாகக் குறிக்காது.

— சத்துவாச்சாரி

*

மறு: மறு:

> ஸ்பீக்கர் எதையும் உணர்வதில்லை.

அண்ணா, வாதம் புரிகிறது, ஆனாலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. உணர்திறன் எல்லா அறிவியல் நூலிலும் பழகிவிட்ட சொல். ஆங்கிலத்திலும் அதே சொல்லைத்தான் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் சேர்த்துப் புழங்குகிறார்கள், அவர்களுக்குக் குழப்பம் வரவில்லையே. ஏற்கெனவே ஆம்ப்ளிஃபையருக்குத் தமிழ்நாட்டில் பெருக்கி, மிகைப்பி, எங்களுக்கு விரியலாக்கி. ஒன்றுக்கு மூன்றாக இருக்கும் நிலையில் இன்னொரு புதுச்சொல் தேவையா?

— யாழ்ப்பாணம்

*

மறு: மறு: மறு:

சத்துவாச்சாரித் தம்பிக்கு,

எடுப்பு என்பது சங்கீதத்தில் குடியிருக்கும் சொல். பல்லவி தாளத்தில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதே எடுப்பு. சம எடுப்பு, அதீத எடுப்பு, அனாகத எடுப்பு என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இசை சம்பந்தமான பட்டியலிலேயே அதே சொல்லை வேறு பொருளில் வைத்தால், பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் ‘அனாகத எடுப்பில் ஆரம்பி’ என்று சொன்னால் வால்யூமைத் திருப்புவான். யோசியுங்கள்.

— ஆரணி

*

மறு: மறு: மறு: மறு:

ஆரணி ஐயாவுக்கு வணக்கம். வால்யூமைத் திருப்புவான் என்றது எங்கள் குழுவில் நடக்கக்கூடியதே.

ஆட்சேபணை நியாயமானது, அதனால் தனிச்சொல்லாக ‘எடுப்பு’ வேண்டாம், எப்போதும் கூட்டுச்சொல்லாக ‘ஒலியெடுப்பு’ என்றே எழுதுவோம். துணைச்சொற்களையும் ‘வாட் ஒலியெடுப்பு’, ‘வோல்ட் ஒலியெடுப்பு’ என்று மாற்றிக்கொள்கிறேன். நீளம்தான், பரவாயில்லை. தாள எடுப்பு இடத்தைச் சொல்கிறது, எண்ணிக்கை அட்சரத்தில். ஒலியெடுப்பு அளவைச் சொல்கிறது, டெசிபெல்லில். ஒரே வாக்கியத்தில் இரண்டும் மோதுகிற சந்தர்ப்பம் மிக அரிது.

யாழ்ப்பாணம் அக்கா, ஆங்கிலத்தில் குழப்பம் இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. அங்கேயும் பேஸ் வாசிக்கிறவர்கள் ஓயாமல் வாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன்: சொல் மட்டும் மாறினால் போதாது, பதிவில் விளக்கமும் சரியாக இருக்க வேண்டும். ஏனென்றால் ஒலியெடுப்பு ஒற்றை எண்ணாக இருப்பதே பாதி உண்மை. 97 என்று போட்டிருப்பது பெரும்பாலும் நடு அதிர்வெண்களை ஒட்டிய அளவு. பேஸின் ஈ கம்பி திறந்தபடி 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி பேஸில் தாழ் பி 31 ஹெர்ட்ஸ். அங்கே அதே பெட்டி பல டெசிபெல் கீழே கிடக்கும். கேட்கிறவர்களுக்கு அது அதிகம் உறைக்காததற்குக் காரணம், மேலே 82, 123 ஹெர்ட்ஸில் இருக்கும் ஈ கம்பியின் மேற்சுரங்களை வைத்துக் காது அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது.

இன்னும் ஒன்று. ஸ்பீக்கர் செய்த கே.எல்.ஹெச். நிறுவனத்தின் ‘ஹெச்’ ஆன ஹாஃப்மன் சொன்ன விதி இருக்கிறது: பெட்டி சிறிதாக இருக்க வேண்டும், அடிச்சுரம் ஆழமாக வேண்டும், ஒலியெடுப்பு அதிகம் வேண்டும் — மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். ‘சின்னப் பெட்டி, பூமி அதிரும், 100 டெசிபெல்’ என்று எந்த விளம்பரம் சொன்னாலும் மூன்றில் ஒன்று பொய். 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. 300 வாட் வால்வு ஆம்ப்; அந்தக் காலத்து பேஸுக்கு அது பூதம். அதை, ஒவ்வொன்றிலும் பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட பெட்டிகளோடு சேர்த்தார்கள். அவ்வளவு ஸ்பீக்கரை ஒன்றாக அடுக்கியதில் ஒலியெடுப்பு ஏறியது. விலை? நான்கடி உயரப் பெட்டி, தூக்க இரண்டு பேர். குடியாத்தத்திலிருந்து சின்ன யானை வண்டியில் கீபோர்டு, டிரம்ஸ், பெண் பாடகிகள் என்று ஏற்கெனவே நிரம்பி வரும் குழுவுக்கு அது ஆகாது.

குடியாத்தம் தம்பி, உனக்கு நேரடிப் பதில். திருவிழா மைதானத்துக் கூட்டத்துக்குச் சத்தம் போய்ச் சேருவது உன் ஆம்ப்பின் வேலை இல்லை. ஆம்ப்பின் பின்னால் இருக்கும் டி.ஐ. வெளியீட்டை (மிக்சருக்கு நேராகச் சிக்னல் கொடுக்கும் துளை) மைக் செட்காரரின் மிக்சருக்குக் கொடுத்துவிடு. அவருடைய பெரிய பெட்டிகள் பார்த்துக்கொள்ளும். உன் பெட்டி உனக்கும் டிரம்மருக்கும் கேட்டால் போதும். அதற்கு 300 வாட் தாராளம், பெட்டி நல்லதாக இருந்தால். மிச்சப் பணத்தில் அதே மாதிரி இரண்டாவது பெட்டி வாங்கு. இரண்டு ஒரே ரகப் பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அதே வாட்டுக்கு அடிச்சுரத்தில் 3 டெசிபெல் வரை கூடும். போதாததற்கு 8 ஓமும் 8 ஓமும் இணையாகச் சேர்ந்து 4 ஓம் ஆவதால் டிரான்சிஸ்டர் ஆம்ப் தன் முழு வாட்டையும் அப்போதுதான் கொடுக்கும். விவரத்தாளில் ‘300 வாட்’ என்று போட்டிருப்பது வழக்கமாக 4 ஓமுக்கான எண். ஒற்றை 8 ஓம் பெட்டியில் அதில் பாதிக்குச் சற்று மேலேதான் வரும்.

ஆனால் 4 ஓம் பெட்டி இரண்டு வாங்கிவிடாதே. சேர்ந்தால் 2 ஓம். பல ஆம்ப்புகள் அதைத் தாங்காது. ஆம்ப்பின் முதுகில் ‘குறைந்தது 4 ஓம்’ என்று எழுதியிருக்கும், படி. வால்வு ஆம்ப் என்றால் விதி வேறு: பெட்டியின் ஓமுக்கு ஏற்ற துளையில் செருக வேண்டும், பெட்டி இல்லாமல் ஓட்டவே கூடாது. இரண்டு வகைக்கும் பொதுவானது ஒன்று: கிட்டார் கேபிளை ஸ்பீக்கர் கேபிளாகப் பயன்படுத்தாதே. பார்க்க ஒன்று போலவே இருக்கும், உள்ளே கம்பி மெலிது.

மே மாத வேலூர் வெயிலில் ஆம்ப்பின் காற்றுத் துளையை ஸ்பீக்கர் துணியாலோ பூமாலையாலோ மூடிவிட்டு ‘கட் ஆகுது அண்ணே’ என்று கூப்பிடாதே, அவ்வளவுதான்.

பட்டியலுக்கான பதிவு, ஆட்சேபணை இல்லையென்றால் இப்படியே ஏற்றிவிடலாம்:

ஒலியெடுப்பு: ஒரு ஒலிப்பெட்டிக்குக் குறிப்பிட்ட உள்ளீடு தரும்போது ஒரு மீட்டர் தொலைவில் கிடைக்கும் ஒலியழுத்த மட்டம், அலகு டெசிபெல். உள்ளீடு 1 வாட்டா, 2.83 வோல்ட்டா என்பதைச் சேர்த்தே குறிக்க வேண்டும். மைக்குக்கு இச்சொல் பொருந்தாது, அங்கே உணர்திறன்.

ஓம் கணக்கில் சொல்லும் ‘இம்பீடன்ஸ்’ என்பதற்கு எழுத வேண்டிய சொல் மின்மறுப்பா மின்னெதிர்ப்பா என்பது இன்னும் தீரவில்லை. இரண்டு விதமாகவும் அச்சில் பார்க்கிறேன். அதற்கு அக்கா தனி இழை தொடங்கினால் நல்லது, இதில் போட்டால் தம்பி கடைக்குப் போவதற்குள் முடியாது.

— சத்துவாச்சாரி