காபிப் பழம் எடைப் பதிவு ஆப்: வெளி லைப்ரரியா, சொந்த கோடா?

அடிவாரம்: ஏற்காட்டு எஸ்டேட்ல காபிப் பழம் எடை பதியற ஆண்ட்ராய்டு ஆப். ப்ளூடூத் தராசு, ஆள் அட்டையில க்யூஆர், தமிழ்ல பிடிஎஃப் ரசீது. மூணுக்கும் வெளி லைப்ரரி (மத்தவங்க எழுதி வெச்ச தயார் கோடு) போட்டுடலாமா?

செவ்வாய்ப்பேட்டை: மூணுமே வேண்டாம்ங்க. பிடிஎஃப் உண்டாக்கற பிடிஎஃப்டாக்குமென்ட் கிளாஸ் ஆண்ட்ராய்டு 4.4லேருந்தே உள்ள இருக்கு. ஆண்ட்ராய்டோட வரைபலகையான கேன்வாஸ்ல வரையறதால தமிழ் திரையில தெரியற மாதிரியே விழும். வெளி லைப்ரரி பலதுக்கு எழுத்தைக் கோக்கத் தெரியாது. "எடை"ன்னு அனுப்பினா இணைக்கொம்பு (ை) ட-வுக்குப் பின்னாடி போய் நிக்கும். கூலி வாங்கறவங்க அந்த ரசீதை எப்படி நம்புவாங்க? ஐடெக்ஸ்ட்ங்கற பிடிஎஃப் லைப்ரரின்னா லைசென்ஸும் பாருங்க. 5ஆம் பதிப்புலேருந்து ஏஜிபிஎல்ங்கற லைசென்ஸ். ஆப்பைக் கொடுத்தா சோர்ஸையும் கொடுக்கணும், இல்லேன்னா காசு கட்டி லைசென்ஸ் வாங்கணும்.

நாகலூர்: பிடிஎஃப் சரி. க்யூஆரையும் நாமே எழுதறதா? கறை பட்டு, மடிஞ்சுபோன அட்டையைப் படிக்க ரீட்-சாலமன் பிழை திருத்தம் (அழிஞ்ச பகுதியைக் கணக்குப் போட்டு மீட்கறது) வேணும். அது நாலு நாள் வேலை இல்லைங்க. கூகுளோட ஸ்கேன் லைப்ரரி எம்எல் கிட் எடுங்க. அதுல ரெண்டு வகை. போன்ல இருக்கற கூகுள் ப்ளே சர்வீசஸ் வழியா வர்றது ஆப்புல 200 கேபி அளவுதான் கூட்டும், ஆனா க்யூஆரை அடையாளம் காண்ற மாடல் தனியா டவுன்லோட் ஆகணும். ஆகாத போனைத் தோட்டத்துக்கு எடுத்துப் போனா, சிக்னல் இல்லாத இடத்துல ஸ்கேனே ஆகாது. மாடல் உள்ளேயே இருக்கற வகை 2.4 எம்பி போல கூடும். கூடட்டும்.

செவ்வாய்ப்பேட்டை: கூடவே .எஸ்ஓ ஃபைலும் (ஏற்கெனவே பில்ட் பண்ணின, நாம திருத்த முடியாத கோடு) வருமே! ஆண்ட்ராய்டு 15ஐயோ அதுக்கு மேலயோ டார்கெட் பண்ற ஆப்பு 16 கேபி பேஜ் சைஸ்ல (போன் மெமரியைப் பிரிக்கற துண்டோட அளவு) ஓடணும்னு 2025 நவம்பர் 1லேருந்து கூகுள் ப்ளே கேக்குது. .எஸ்ஓ 4 கேபிக்கு அலைன் ஆகியிருந்தா, லைப்ரரிக்காரர் திரும்ப பில்ட் பண்ணித் தர்ற வரைக்கும் நம்ம அப்டேட் நிக்கும். கோட்லின் சோர்ஸ்னா ஃபோர்க் பண்ணி (நகல் எடுத்து) நாமே சரி பண்ணிக்கலாம். இங்க கைகட்டி நிக்கணும்.

நாகலூர்: கைவிடப்பட்ட லைப்ரரிக்கு அந்த பயம் நியாயம். ப்ளே ஸ்டோரும் எம்எல் கிட்டும் ஒரே வீட்டுச் சரக்கு. தராசுக்கு வருவோம். எஸ்பிபி வகைன்னா (பழைய ப்ளூடூத், எழுத்தை வரிசையா அனுப்பறது) சொந்த கோடு போதும். ஆனா எடை துண்டு துண்டா வரும்: ஒரு ரீட்ல "12.", அடுத்ததுல "45". வரி முடியற வரைக்கும் பஃபர்ல (தற்காலிக இடத்துல) சேத்து வெச்சு அப்புறம் எண்ணாக்குங்க. அவசரப்பட்டா 12.45 கிலோ 12ன்னு பதிவாகும். பறிச்சவங்க கூலி அது. பிஎல்ஈ (கம்மி மின்சாரத்துல ஓடற ப்ளூடூத்) தராசுன்னா சொந்தமா எழுதவே எழுதாதீங்க. ஒரு கட்டளை முடியறதுக்குள்ள அடுத்ததை அனுப்பினா போய்ச் சேராது. சில நேரம் 133ன்னு பொதுவான எர்ரர் வரும், காரணம் தெரியாது. நார்டிக் கம்பெனியோட பிஎல்ஈ லைப்ரரி அந்த வரிசையைப் பாத்துக்கும்.

செவ்வாய்ப்பேட்டை: பிஎல்ஈக்கு சம்மதம். எதை எடுத்தாலும் கிரேடில்ல (ஆப்பை பில்ட் பண்ற கருவி) பதிப்பு எண்ணை முழுசாப் போடுங்க, "1.+"னு விடாதீங்க, பதிப்பு தானா மாறிடும். லைப்ரரியோடதும் சேந்து மெர்ஜ் ஆன மேனிஃபெஸ்ட்டை (ஆப்போட பெர்மிஷன் பட்டியல் இருக்கற ஃபைல்) திறந்து, நாம கேக்காத பெர்மிஷன் புகுந்திருக்கான்னும் பாருங்க. தராசு எந்த வகை?

அடிவாரம்: எஸ்பிபிதாங்க. அப்போ வெளியிலேருந்து எம்எல் கிட் மட்டும்.

செவ்வாய்ப்பேட்டை: எனக்கு அதுல இன்னும் மனசு ஒப்பலை. போடறதுன்னா அதை ஒரே இன்டர்ஃபேஸுக்குப் பின்னாடி வைங்க (மத்த கோடு நேரா அதைத் தொடாம),  நாளைக்கு மாத்த முடியும். ஸ்கேன் ஆகலைன்னா ஆள் எண்ணைக் கையால அடிக்க ஒரு பெட்டியும் வைங்க.