பாரிஸில் ஒரு வாரம்: முட்டி வலி மாமியார், இரண்டு வாண்டுகள், ஒரு பெட்டி மல்கோவா

செவ்வாய்ப்பேட்டை மருமகள்:

வர்ற மே மாத லீவில் சேலத்திலிருந்து குடும்பத்தோடு பாரிஸ் போகலாம் என்று வீட்டில் ஒருவழியாக முடிவாகிவிட்டது. நானும் வீட்டுக்காரரும், ஒன்பது வயதுப் பையன், ஐந்து வயதுப் பெண், கூடவே மாமியார். அத்தைக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முட்டியிலும் வலி, எங்கள் வீட்டு மாடிப்படியையே பாதியில் நின்று நின்றுதான் ஏறுவார். ஆனாலும் "என்னை விட்டுட்டுப் போயிடுவீங்களா" என்று கேட்டுவிட்டார், அதற்கப்புறம் பேச்சே இல்லை. சுத்த சைவம், முட்டையும் கிடையாது, கேக்கில் முட்டை என்று தெரிந்தால் தட்டையே தள்ளி வைத்துவிடுவார்.

நாலு ரோடு பக்கம் ஒரு டிராவல்ஸில் விசாரித்தோம். ஒன்பது நாளில் ஆறு நாடு, அதில் பாரிஸுக்கு இரண்டு ராத்திரி என்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை, பாரிஸிலேயே ஒரு வாரம் தங்கிவிடலாம் என்கிறேன். வீட்டுக்காரரோ "இவ்வளவு செலவு பண்ணிப் போய் ஒரே ஊரைப் பார்த்துட்டு வர்றதா" என்கிறார். அவர் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார், சம்பளச் சீட்டு எதுவும் இல்லை, விசாவுக்கு என்ன காட்டுவது என்பதும் புரியவில்லை. அப்புறம், அவருடைய சித்தப்பா பையன் அங்கேதான் இருக்கிறார். அவருக்கு ஒரு பெட்டி மல்கோவாவும் வீட்டில் காய்ச்சிய நெய்யும் கொண்டுபோக வேண்டும் என்று அத்தை இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். விடுவார்களா? போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

ஏற்காடு காபிக்காரர்:

ஒரே ஊரில் தங்குங்கள், உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே மலையேறி வந்து, ஏரியில் ஒரு படகு, லேடீஸ் சீட்டில் ஒரு போட்டோ, பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் என்று ஓடிவிட்டு இருட்டுவதற்குள் இறங்குகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன், அவர்கள் ஏற்காட்டைப் பார்த்ததைவிட இருபது கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்ததுதான் அதிகம். ஆறு நாடு டூரும் அதே கதைதான், பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும்.

முட்டி வலி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் அப்பாவை அழைத்துப் போனபோது முழுத் திட்டமும் அதைச் சுற்றித்தான் போட்டோம். பாரிஸ் மெட்ரோ வேகம்தான், ஆனால் பழைய லைன்களில் பெரும்பாலான ஸ்டேஷன்களுக்கு லிஃப்ட் கிடையாது, ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்கு மாற நீளமான சுரங்கப் பாதையில் நடந்து, படி ஏறி, மறுபடி படி இறங்க வேண்டும். 14ஆம் லைன் புதுசு, அதில் எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் உண்டு. மற்றபடி அத்தையோடு போகும்போது மெட்ரோவை மறந்துவிட்டு பஸ்ஸில் ஏறுங்கள். தாழ்தளப் பேருந்துகள், ஏறி உட்கார்ந்தால் ஜன்னல் வழியாக ஊரே தெரியும். 69ஆம் நம்பர் பஸ் ஈஃபிள் கோபுரத்தின் அடியிலிருந்து கிளம்பி லூவ்ரு மியூசியம், பஸ்தீய் சதுக்கம் வழியாகக் கிழக்குக் கடைசி வரை போகிறது. தனியாக டூரிஸ்ட் பஸ்ஸுக்குக் காசு கொடுக்கத் தேவையே இல்லை.

வாரப் பாஸ் வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அது திங்கள் தொடங்கி ஞாயிறு முடியும், நீங்கள் வாங்கும் நாளிலிருந்து ஏழு நாள் கிடையாது. வியாழக்கிழமை இறங்கினால் பாதிப் பாஸ் வீண், அதனால் டிக்கெட் போடும்போதே ஞாயிறு அல்லது திங்கள் இறங்குகிற மாதிரிப் பாருங்கள்.

லூவ்ருவில் சக்கர நாற்காலி இலவசமாகக் கொடுக்கிறார்கள், வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள். அந்த அரண்மனையில் நடந்து மாளாது. செவ்வாய்க்கிழமை லூவ்ரு லீவு, திங்கட்கிழமை ஓர்சே மியூசியமும் வெர்சாய் அரண்மனையும் லீவு. மே 1 அன்று மூன்றுமே பூட்டுத்தான். 18 வயதுக்குக் கீழே மூன்றிலும் நுழைவு இலவசம், ஆனாலும் நேரத்தை இணையத்தில் முன்கூட்டியே பிடித்து வைக்க வேண்டும். பெரியவர்களுக்கு லூவ்ருவில் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் 32 யூரோ வாங்குகிறார்கள், கொஞ்சம் அதிகம்தான். வெள்ளி வேலை செய்கிறவர் என்பதால் அங்குள்ள அப்போலோ கேலரி திறந்திருந்தால் உங்கள் வீட்டுக்காரருக்குப் பிடிக்கும். 2025 அக்டோபரில் பட்டப்பகலில் ஏணி வண்டி வைத்து ஜன்னல் வழியாக ஏறி ராஜ வம்சத்து நகைகளைத் தூக்கிக்கொண்டு போனார்களே, அந்த மண்டபம்தான்.

ஐந்து ரோடு கணக்கர்:

விசா பற்றி மட்டும் எழுதுகிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள். சொந்தத் தொழில் என்றால் சம்பளச் சீட்டு தேவையில்லை. கடைசி மூன்று வருட வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி பதிவுச் சான்று, தொழிலின் நடப்புக் கணக்கு, அவருடைய சேமிப்புக் கணக்கு, இவை சீராக இருந்தால் போதும். நம் ஊரில் பட்டறைக்காரர்கள் பலர் கையில் ரொக்கமாகவே வைத்திருந்துவிட்டு, விண்ணப்பிக்கும் வாரத்தில் ஐந்து லட்சத்தை ஒரே நாளில் கணக்கில் போடுகிறார்கள். அதைப் பார்த்தால் அதிகாரிக்குச் சந்தேகம்தான் வரும். இப்போதிருந்தே வருமானத்தைக் கணக்கு வழியாக விடச் சொல்லுங்கள். அத்தை உங்கள் செலவில் வருகிறார் என்று மகன் ஒரு கடிதம் எழுதி, உறவைக் காட்டும் சான்றும் வையுங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம்.

பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி பதினைந்து நாளுக்குள் போனால் வாங்க மாட்டார்கள். மே மாதத்துக்கு ஊரே விண்ணப்பிக்கும் என்பதால் ஜனவரி, பிப்ரவரியிலேயே நேரம் பிடித்துவிடுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, பையனுக்கு 45, பாப்பாவுக்கு ஆறு வயது ஆகவில்லை என்றால் ஒன்றும் இல்லை, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பெரியவர்கள் கைரேகை வைக்க நேரில் போக வேண்டும், 12 வயதுக்குக் கீழே கைரேகை எடுப்பதில்லை. நம் ஊரிலிருந்து சென்னையைவிட பெங்களூரு கிட்டே, விமானமும் அங்கிருந்தே பிடித்தால் அத்தைக்கு அலைச்சல் குறையும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும், அத்தைக்கு ஏற்கனவே சர்க்கரை, பிரஷர் இருந்தால் அதுவும் அதில் அடங்குகிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள், மலிவான பாலிசிகளில் அதைத்தான் விட்டுவிடுவார்கள். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும், இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

லா சப்பல் வாசி:

அம்மாபேட்டையில் பிறந்து இப்போது பாரிஸில் இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம்ங்க. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா சப்பல் என்று ஒரு பகுதி, போபூர் சந்தெனி தெருவில் இறங்கினால் கடைப் பலகையெல்லாம் தமிழ்தான். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள் உருவாக்கிய இடம். இட்லி, தோசை, சோறு, முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும், சரவண பவன் கிளையும் அங்கேயே உண்டு. பக்கத்தில் மாணிக்க விநாயகர் ஆலயம், 1985இல் தொடங்கியது. அத்தையை ஒருநாள் காலை அங்கே கூட்டிப் போய்விட்டால் மீதி நாள் நீங்கள் சொன்னபடி கேட்பார். ஆகஸ்ட் கடைசியை ஒட்டித் தேர் வரும், பாரிஸ் தெருவில் தேங்காய் மலை மாதிரிக் குவித்து உடைப்பார்கள், மே மாதத்தில் வந்தால் அது கிடைக்காது.

பிரெஞ்சுக் கடைகளில் முட்டை இல்லாமல் சாப்பிடுவதுதான் கஷ்டம். கிரோசான் மேலே பளபளவென்று இருப்பதே முட்டை தடவிச் சுடுவதால்தான், கிரேப் என்கிற மெல்லிய தோசை மாதிரிப் பண்டத்தின் மாவிலும் முட்டை. ஆனால் பாகெத் ரொட்டியில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் மட்டும்தான், சுடச்சுட வாங்கி நுனியைப் பிய்த்துப் பருப்புப் பொடியோடு தின்னக் கொடுங்கள், பிடித்துவிடும். சில சீஸ்களில் பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பார்கள், அத்தை அவ்வளவு கட்டுப்பாடு என்றால் அதையும் தவிர்க்கலாம். சமையலறை உள்ள வீடாக எடுங்கள், லிஃப்ட் உண்டா, எத்தனையாவது மாடி என்று கேட்டுக்கொண்டு எடுங்கள், பழைய கட்டடங்களில் ஐந்து மாடிக்கும் வளைந்த மரப்படி மட்டும்தான் இருக்கும். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் மக் மறக்காமல் பெட்டியில் வையுங்கள். கழிவறையில் காகிதம் மட்டும்தான், எதற்குச் சொல்கிறேன் என்று புரியும்.

மல்கோவா வேண்டாம். ஐரோப்பாவுக்குள் பழம் கொண்டுவரத் தாவர நலச் சான்று கேட்பார்கள், வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் இவற்றுக்குத்தான் விலக்கு, மாம்பழம் அதில் இல்லை. பால் பொருளுக்கும் தடை, அதனால் நெய், பால்கோவா இரண்டும் போச்சு. பிடித்தால் குப்பையில்தான் போடுவார்கள், அத்தை கண் முன்னால் அது நடக்க வேண்டாம். பொடி வகை, எண்ணெய் ஊறுகாய், தட்டுவடை, முறுக்கு தாராளமாகக் கொண்டுவரலாம். தட்டுவடையைத் துணி சுற்றி டப்பாவில் அடுக்கினால் உடையாது, காரச் சட்னியை இங்கே அரைத்துக்கொண்டால் நம் ஊர்த் தட்டுவடை செட் தயார்.

இன்னொன்று, தாலிக்கொடியும் தங்கச் சங்கிலியும் வெளியே தெரிகிற மாதிரிப் போட்டு மெட்ரோவில் நிற்க வேண்டாம் என்று அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஈஃபிள் கோபுரம், சாக்ரே கேர் தேவாலயம், லூவ்ரு வாசல், இந்த மூன்று இடத்திலும் ஜேப்படி அதிகம். காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும் பெண்கள், கையில் கயிறு கட்ட வரும் ஆட்கள், யாரிடமும் நின்று பேசாமல் நடந்துகொண்டே இருங்கள்.

குரங்குச்சாவடி:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். டூரில் சில நல்லதும் இருக்கிறது. எங்கள் குழுவோடு சமையல்காரரே வந்தார், ராத்திரி ரசம் சோறு. ஹோட்டல் வாசலில் பஸ் ஏறினால் பார்க்கிற இடத்தின் வாசலில் இறக்கிவிடுவார்கள், வயதானவர்களுக்கு அது பெரிய வசதி, யாரும் மேப் பார்த்துத் தெருவில் நிற்க வேண்டியதில்லை. என்ன, காலை ஆறு மணிக்கே எழுப்பிவிடுவார்கள். உங்கள் அத்தை அதிகாலையில் எழுகிறவர் என்றால் டூரையும் ஒரு கண் பாருங்கள், பாரிஸில் குறைந்தது மூன்று ராத்திரி தரும் டூராக.

செவ்வாய்ப்பேட்டை மருமகள்:

எல்லோருக்கும் நன்றிங்க. வீட்டுக்காரரிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன், வாந்தி விஷயத்தில் சிரித்துவிட்டார், ஒரு வாரம் பாரிஸ் என்று முக்கால்வாசி ஒத்துக்கொண்டார். அத்தை எழுந்திருப்பது நாலரை மணிக்கு, ஆனால் சாயங்காலம் ஏழரைக்குத் தூங்கிவிடுவார், டூர்க்காரர்கள் ராத்திரிச் சுற்றலுக்கு இழுப்பார்களே, அதுதான் யோசனை. நெய் இல்லை என்றதும்தான் முகம் வாடிவிட்டது. ஈஃபிள் கோபுரத்தில் விளக்கு மின்னுவதைப் பிள்ளைகள் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்கள், அது எத்தனை மணிக்கு? மேலே ஏறுவதற்கும் படியா?

லா சப்பல் வாசி:

லிஃப்ட் இருக்கிறது, படி ஏறவே வேண்டாம். படியில் போகிறவர்களுக்கு இரண்டாம் தளம் வரை 674 படி, பையனும் வீட்டுக்காரரும் பந்தயம் வைத்துக்கொள்ளட்டும். லிஃப்ட் டிக்கெட் அறுபது நாள் முன்னாலேயே இணையத்தில் திறக்கும், திறந்த அன்றே எடுங்கள். மின்னுவது இருட்டிய பிறகு ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம். சிக்கல் என்னவென்றால் மே மாதக் கடைசியில் இங்கே சூரியன் மறைவதே ஒன்பதரை மணிக்கு மேல், ஆக முதல் மின்னல் பத்து மணிக்குத்தான், அப்போது சேலத்தில் ராத்திரி ஒன்றரை. வந்த முதல் நாளே முயற்சி செய்தால் பாப்பா தோளில் தூங்கிவிடும். மூன்றாம் நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், அன்று மதியம் எல்லோரையும் படுக்க வையுங்கள், கோபுரத்துக்கு எதிரே உள்ள ட்ரொகதேரோ சதுக்கத்தில் நின்று பார்த்தால் கோபுரம் முழுசாகத் தெரியும். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், மே மாதம் என்றாலும் ராத்திரி பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கிவிடும்.