ஆஷ்கேன் பிரதிகளைத் தரம் பார்த்த அனுபவங்கள்

முதல் பகிர்வு: நியூ ஜெர்சியிலிருந்து

இருபது ஆண்டுகளாக 1930களிலும் 1940களிலும் வெளிவந்த அமெரிக்கக் காமிக்ஸ் இதழ்களைச் சேகரித்து வருகிறேன். பள்ளி நாட்களில் முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியைத் தேடித் தெருத்தெருவாகப் பழைய புத்தகக் கடைகளில் அலைந்த அதே ஆசைதான் இங்கு வந்தபின் வேறு வடிவம் எடுத்தது என்று என் மனைவி சொல்லுவாள். அவற்றிலும் ஆஷ்கேன் பிரதிகள் மீது எனக்குத் தனி ஈர்ப்பு உண்டு. அந்த ஈர்ப்பாலேயே நான் செய்த ஒரு பெரிய தவற்றை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

புதிதாக வருபவர்களுக்காகச் சில வரிகள். அக்காலத்தில் ஒரு தலைப்பை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய வேண்டுமென்றால், அந்தத் தலைப்பில் இதழ் ஏற்கெனவே விற்பனைப் புழக்கத்துக்கு வந்துவிட்டது என்று பதிப்பாளர் காட்டியாக வேண்டும். போட்டியாளர் முந்திக்கொள்வதற்குள் முழு இதழைத் தயாரிக்க நேரம் இருக்காது. ஆகவே, புதிய தலைப்பைத் தாங்கிய கறுப்பு வெள்ளை அட்டை ஒன்றை அவசரமாக ஆக்கி, கையில் கிடைத்த வேறொரு இதழின் பக்கங்களின் மேல் வைத்துப் பின் அடித்து, இரண்டு மூன்று பிரதிகளை மட்டும் உருவாக்கி அனுப்பிவிடுவார்கள். வேலை முடிந்ததும் குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டியது என்பதால்தான் ஆஷ்கேன் என்ற பெயரே வந்தது. டிசி நிறுவனம் 1942இல் சூப்பர்பாய் என்ற பெயரையும் 1944இல் சூப்பர்கேர்ள் என்ற பெயரையும் இப்படித்தான் பிடித்து வைத்தது. நாம் அறிந்த சூப்பர்கேர்ள் கதாபாத்திரம் 1959இல்தான் வந்தாள் என்பதை எண்ணிப் பார்த்தால், பெயர் பிறந்து பதினைந்து ஆண்டுகள் கழித்தே ஆள் பிறந்திருக்கிறாள்.

இனி என் கதை. சில ஆண்டுகளுக்கு முன் பென்சில்வேனியாவில், காலமான ஒருவரின் வீட்டுப் பொருட்களை ஏலம் விட்டபோது, அச்சகக் கழிவுகள் போலத் தோன்றிய ஒரு பெட்டியை வாங்கினேன். அதன் அடியில் ஓர் ஆஷ்கேன் கிடந்தது. பெரிய தலைப்பு அன்று. கடைக்கு வராமலேயே போன சிறு பதிப்பாளர் ஒருவருடைய தலைப்பு. அட்டையின் கீழ் ஓரம் கத்தரிக்கோலால் வளைந்து வெட்டப்பட்டு, உட்பக்கங்களைவிடக் கால் அங்குலம் குறைவாக இருந்தது. உள்ளிருந்த இதழுக்கு அச்சகம் அடித்த இரண்டு பின்கள் இருந்தன. அவற்றுக்கு மேல், அட்டையைப் பிடித்திருப்பதற்காக யாரோ மேசை ஸ்டேப்ளரால் அடித்த மூன்று பின்கள். அந்த மூன்றில் ஒன்று கோணலாக, பாதி மடங்காமல் துருத்திக்கொண்டு நின்றது. மூன்றும் துருப்பிடித்திருந்தன.

வழக்கமான காமிக்ஸைப் பார்த்துப் பழகிய கண் இதை எப்படிப் பார்க்கும்? ஓரம் வெட்டியிருக்கிறது, துரு இருக்கிறது, கூடுதல் பின் இருக்கிறது, எல்லாம் குறை என்றுதான் பார்க்கும். துரு காகிதத்தைத் தின்றுவிடும் என்ற அச்சத்தில், மதிப்பே இல்லாத கிழிந்த 1940களின் இதழ் ஒன்றிலிருந்து துருவில்லாத பழைய பின்களை எடுத்து, அந்த மூன்றுக்கும் பதிலாக ஒழுங்காகப் பொருத்தினேன். கோணல் பின் இருந்த இடத்தை நேராக்கினேன், அதாவது புதிதாக ஒரு துளையும் போட்டேன். வளைந்த ஓரத்தைச் சீராக்கலாமா என்றுகூட யோசித்தேன். அன்று வீட்டில் நல்ல கத்தி இல்லாதது என் அதிர்ஷ்டம்.

இதழின் நிலையைப் பார்த்து எண் தரும் தரமதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பியபோது, நான் அஞ்சிய வளைந்த ஓரம் குறையாகக் குறிப்பிடப்படவே இல்லை. அது உருவாக்கத்தின் பகுதி என்றே எடுத்துக்கொள்ளப்பட்டது. நான் பெருமையாகச் செய்த வேலைதான் சிக்கியது. பின்கள் மாற்றப்பட்டவை என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

தர எண் குறைந்ததைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருந்தது என்பதை, நாற்பதாண்டுகளாக இத்தொழிலில் இருக்கும் ஒரு முதியவரே எனக்கு விளக்கினார். துருவின் கறை அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே இடத்தில் ஒரே வடிவில் இறங்கியிருந்ததுதான், அந்த அட்டையும் அந்த உட்பக்கங்களும் முதல் நாளிலிருந்தே சேர்ந்திருந்தன என்பதற்குச் சாட்சி. ஆஷ்கேனில் அட்டைக்கும் உள்ளடக்கத்துக்கும் வேறு எந்தத் தொடர்பும் கிடையாது. பின்னைக் கழற்றியவுடன், பழைய அட்டை ஒன்றைப் பழைய இதழ் ஒன்றின் மேல் நானே வைத்துத் தைத்தேன் என்று யார் சொன்னாலும் மறுக்க என்னிடம் வலுவான சான்று இல்லை. கழற்றுவதற்கு முன் எடுத்த இரண்டு கைப்பேசிப் படங்கள் மட்டும் தப்பின. அவற்றை இப்போது பிரதியோடு ஒரே உறையில் வைத்திருக்கிறேன்.

இரண்டாம் பகிர்வு: கலிஃபோர்னியாவிலிருந்து

மேலே எழுதிய நண்பரின் அனுபவத்தைப் படித்தபோது, என் அனுபவம் அதற்கு நேர் எதிரானது என்று தோன்றியது. அவர் உண்மையானதைக் கெடுத்தார். நான் போலியைக் காப்பாற்றப் பார்த்தேன்.

ஃபாசெட் என்ற பழைய காமிக்ஸ் பதிப்பு நிறுவனத்தின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1940 ஜனவரித் தேதியிட்டு ஃப்ளாஷ் காமிக்ஸ் என்ற பெயரில் ஓர் ஆஷ்கேன் செய்தார்கள். அதே பெயரில் வேறொரு நிறுவனம் இதழையே வெளியிட்டுவிட்டது. த்ரில் காமிக்ஸ் என்று மாற்றிப் பார்த்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. இறுதியில் 1940 பிப்ரவரித் தேதியுடன் விஸ் காமிக்ஸ் இரண்டாம் எண் கடைக்கு வந்தது; முதல் எண் என்று ஒன்று வரவே இல்லை. ஆஷ்கேன்களில் கேப்டன் தண்டர் என்றிருந்த நாயகன், அதற்குள் கேப்டன் மார்வெல் ஆகிவிட்டிருந்தான். ஆகவே கேப்டன் தண்டர் என்ற பெயர் அச்சான பிரதி என்றால், சேகரிப்பாளர் எவருக்கும் கை நடுங்கும்.

எனக்கும் நடுங்கியது. தனிப்பட்ட விற்பனையாளர் ஒருவர் அப்படியொரு பிரதி இருப்பதாகச் சொல்லி வரவழைத்தார். காகிதம் பழுப்பேறியிருந்தது, பின்கள் துருப்பிடித்திருந்தன, ஓரங்கள் ஒழுங்கின்றி இருந்தன. ஆஷ்கேன் என்றாலே அலங்கோலம் என்று மனத்தில் பதிந்துவிட்டதால், ஒவ்வோர் அலங்கோலத்தையும் நான் சான்றாகவே எண்ணிக்கொண்டேன். முன்பணமும் கொடுத்தேன். உடன் வந்த நண்பர்தான் கையடக்கப் புற ஊதா விளக்கை எடுத்தார். அறையை இருட்டாக்கி விளக்கைக் காட்டியதும் அட்டையின் மடிப்பு ஓரங்கள் நீல வெண்மையாக ஒளிர்ந்தன. காகிதத்தை வெள்ளையாகக் காட்டும் ஒளிரும் வேதிப்பொருள்களை 1950 வாக்கில்தான் காகித ஆலைகள் சேர்க்கத் தொடங்கின. 1939இன் காகிதம் அப்படி ஒளிராது. தேநீரோ வேறெதுவோ ஊற்றிப் பழுப்பாக்கியவருக்கு மடிப்பின் உட்புறம் எட்டவில்லை போலும். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், எழுத்துகளைச் சுற்றிச் சிதறிய கரும்புள்ளிகள், அசல் ஜெராக்ஸ் வாசம்! துருவும் பின்னில் மட்டும் இருந்தது. துளையைச் சுற்றிக் காகிதத்தில் ஒரு கறைகூட இல்லை. மேலே எழுதிய நண்பர் சொன்ன துருக்கறைச் சாட்சி அங்கே இல்லாமையே சாட்சியாக இருந்தது.

முன்பணத்தில் பாதி திரும்பி வந்தது.

மூன்றாம் பகிர்வு: டெக்சாஸிலிருந்து

நான் மேற்கண்ட இருவரைப் போலப் பெரிய சேகரிப்பாளன் அல்லன். என்னிடம் இருப்பவை 1990களின் ஆஷ்கேன்கள் மட்டுமே. ஒரு தலைப்பைப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தாலே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற சட்டத் திருத்தம் 1989 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின், பழைய பொருளில் ஆஷ்கேனுக்குத் தேவையே இல்லாமல் போனது. இமேஜ் போன்ற காமிக்ஸ் நிறுவனங்கள் பிறகு அப்பெயரை விளம்பரத்துக்காக மட்டும் எடுத்துக்கொண்டு, சிறிய அளவில், எண்ணும் கையெழுத்தும் இட்டு விற்றன. இவற்றைப் பழையவற்றோடு ஒரே பெயரில் அழைப்பதே எனக்கு உடன்பாடில்லை. இவை பாதுகாத்து வைப்பதற்கென்றே செய்யப்பட்டவை; இவற்றுக்கு வழக்கமான அளவுகோலே பொருந்தும். முதுகு மடிப்பில் ஒரு மயிரிழை வெள்ளைக் கோடு தெரிந்தாலும் பத்துக்கு 9.8 என்ற உயர்ந்த தர எண் கை நழுவிவிடும் என்பதைக் காசு கொடுத்துக் கற்றேன்.

பழையவை வேறு உலகம். மார்வெல் காமிக்ஸ் முதல் இதழின் ஒரு பிரதியில், எந்த ஓவியருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று பக்கங்களிலேயே கையால் கணக்கு எழுதியிருக்கிறது. அது ஆஷ்கேன் அன்று, ஆனாலும் அலுவலகப் பிரதி என்ற வகையில் உறவுதான். வேறொரு பிரதியில் கிறுக்கல் என்று தரம் குறைக்கப்படும் அந்த எழுத்துதான், 2022இல் அதற்கு 24 லட்சம் டாலருக்கு மேல் வாங்கித் தந்தது.

முதலில் எழுதிய நண்பரிடம் ஒரு கேள்வி. நீங்கள் கழற்றிய அந்த மூன்று துருப்பின்கள் இன்னும் இருக்கின்றனவா? பழைய துளைகளில் அவற்றையே மீண்டும் பொருத்தாவிட்டாலும், துருக்கறையோடு ஒப்பிட்டுக் காட்டவாவது உதவும். பிரதியோடு சேர்த்து வைத்தால் வாங்குபவருக்கும் ஒரு நம்பிக்கை வரும் அல்லவா?

முதல் பகிர்வை எழுதியவரின் மறுமொழி

நல்ல யோசனைதான். அந்த முதியவரும் என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான். பின்களை மாற்றிய அன்று இரவே, குழந்தைகள் காலில் குத்திவிடப் போகிறது என்று காகிதத்தில் மடித்துச் சமையலறைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன்.