மறு: கோயில் திரை: எல்இடி சுவர் வேண்டாம் என்கிறேன்

எல்லோருக்கும் வணக்கம்.

நம் காசிமேட்டுக் கோயிலில் பூசைப் பாட்டு வரிகளைக் காட்டத் திரை வைப்பது பற்றி, வெளியூரில் இருக்கிற நாம் எழுதிக்கொள்ளும் மடல்களை இரண்டு வாரமாகப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். குவைத் அண்ணன் நேற்று அனுப்பிய கொட்டேஷனைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. தோஹாவில் கல்யாண மண்டபத்துக்கும் கண்காட்சிக்கும் திரை மாட்டுவதுதான் 14 வருடமாக என் பிழைப்பு. அந்த உரிமையில் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொட்டேஷனில் இருப்பது பத்தரை அடிக்கு ஆறேகால் அடி, பி 2.5 எல்இடி சுவர், அதாவது குட்டி விளக்குப் புள்ளிகளால் ஆன பெரிய திரை. பி 2.5 என்றால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி என்று அர்த்தம். 32க்கு 16 சென்டிமீட்டர் பலகைகள் 120 சேர்த்தால் அந்த அளவு வரும்; மொத்தம் 1280க்கு 768 புள்ளி. பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் பெஞ்சே பீடத்திலிருந்து பதினைந்து அடி தள்ளி இருப்பதால் இதைவிட நெருக்கமான புள்ளிக்குக் காசு கொட்டவும் தேவையில்லை. அதை மாட்டப்போகிற இடம்தான் தப்பு.

பீடத்துக்குப் பின்னால் அந்தச் சுவர் நின்றால் மாதா சுரூபம் இருக்கிற மாடம் பாதி மறையும். அதை நகர்த்திவிடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஊரில் அந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள், தெரியும்! பெரிய வியாழன் இரவு பீடத்தை வெறுமையாக்குகிறோம். பாஸ்கா இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒரே ஒரு திரியோடு உள்ளே வருகிறோம். அந்த நேரம் சுவரை அணைத்து வைத்தாலும் சிலுவைக்குப் பின்னால் பெரிய கரும்பலகை மாதிரிதான் நிற்கும்.

இன்னொன்று, இது நமக்கே நேரடியாக உறைக்கும். நாம் எல்லோரும் பூசையை யூடியூப்பில்தானே பார்க்கிறோம்? பளிச்சென்ற சுவருக்கு முன்னால் ஃபாதர் நின்றால், கேமரா அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும்; அவர் முகம் கறுத்துப்போகும். கேமராவின் புள்ளியும் சுவரின் புள்ளியும் ஒன்றோடொன்று மோதி, பின்னணியில் அலை அலையாகக் கோடு ஓடும். நேரில் நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது, நமக்கு மட்டும் தெரியும்.

சரி, புரொஜெக்டர்? டொரண்டோ தங்கச்சி கேட்டிருந்தாள். காலை ஏழரைப் பூசைக்கு இரண்டு பக்கக் கதவும் திறந்திருக்கும், வெயில் உள்ளே விழும். புரொஜெக்டரால் கறுப்பை உண்டாக்க முடியாது. துணியில் ஏற்கெனவே விழுகிற வெளிச்சம்தான் அதன் கறுப்பு. 5000 லூமன் வெளிச்சம் தருகிற புரொஜெக்டர் வாங்கினாலும் காலையில் எழுத்து வெளிறித்தான் தெரியும். கதவைச் சாத்தலாமா? மே மாதம் நம் கோயிலில் கதவைச் சாத்திப் பாருங்கள்.

என் யோசனை இதுதான்: தூண்களில் நான்கு 75 அங்குல டிவி. முன் தூணில் இரண்டு, நடுவில் இரண்டு. வீட்டு டிவி வேண்டாம், கடைகளில் விளம்பரத்துக்கு மாட்டுகிற வகை; வெளிச்சம் கூடுதல், நாள் முழுக்க ஓடத் தாங்கும். வீட்டு டிவியைப் பொது இடத்தில் மாட்டினால் பல கம்பெனிகள் வாரண்டி தருவதில்லை.

ஏன் நான்கு என்று கணக்கு சொல்கிறேன். 75 அங்குலத் திரையின் உயரம் 93 சென்டிமீட்டர். அதில் நான்கு வரி மட்டும் போட்டால் ஒரு எழுத்து சுமார் மூன்றரை அங்குலம் வரும். பெயர்ப்பலகை எழுதுகிறவர்கள் ஒரு அங்குல எழுத்துக்குப் பத்தடி என்று கணக்கு வைப்பார்கள். ஆக ஒரு டிவி முப்பத்தைந்து அடி வரை சிரமமில்லாமல் படிக்க வரும். பீடத்திலிருந்து வாசல் வரை எண்பது அடி என்று நினைவு. இரண்டு ஜோடி இருந்தால் கடைசி பெஞ்சுக்கும் எட்டும். எட்டு வரியைத் திணித்தால் இந்தக் கணக்கெல்லாம் போச்சு. தமிழில் சொல்லும் நீளம், மெய்யெழுத்துப் புள்ளியும் சுழியும் மேலும் கீழும் இடம் கேட்கும். பாடகர் குழுப் பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்புறம், பழைய பாட்டெல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் குப்பை கொட்டும். திரை வருவதற்கு முன்பே, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றும் வேலையை ஆரம்பிக்கலாம். அதை நாம் இங்கிருந்தே பகிர்ந்து செய்ய முடியும். ஆளுக்கு இருபது பாட்டு, நான் தயார். பாட்டு வரிகளைத் திரையில் காட்ட ஓப்பன்எல்பி என்ற மென்பொருள் இலவசம், அதுவே போதும்.

(எங்கம்மா முட்டிவலி என்று கடைசி பெஞ்சில்தான் உட்காருவாள். அவளுக்குத் திரையே வேண்டாம், பாட்டெல்லாம் மனப்பாடம். வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடல்தான் ஒவ்வொரு ஞாயிறும் மாறுவதால் தடுமாறுகிறாள்.)

கடல் காற்றை மறந்துவிடாதீர்கள். காசிமேட்டில் சைக்கிள் செயினே ஒரு வருடம் தாங்காது. எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் நண்பன் கட்டிக்கொடுத்த எல்இடி சுவர் மூன்றாவது வருடம் புள்ளி புள்ளியாகச் செத்தது. வாரம் ஒருமுறைதான் போடுவார்கள். மற்ற நாளெல்லாம் ஈரம் குடித்துக்கொண்டிருந்தது. புதுப் பலகை வாங்கிப் போட்டால் நிறம் ஒட்டவில்லை, வேறு சமயம் தயாரான லாட். டிவியும் துருப்பிடிக்கும்தான், ஆனால் ஒன்று போனால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவுக்குப் போய் ஒன்றை மாற்றிக்கொள்ளலாம். கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்குப் படம் கொண்டுபோகிற எச்டிஎம்ஐ கேபிளை எண்பது அடிக்கு இழுக்காதீர்கள், படம் விட்டுவிட்டு வரும். நெட்வொர்க் கேபிளில் அனுப்புகிற கருவி போடச் சொல்லுங்கள். கருவிகள் எல்லாம் பாடகர் மாடத்தில் இருக்கட்டும். 2023 மிக்ஜாம் புயலில் தரை மட்டத்தில் இருந்த பொருள் என்ன ஆனது என்று சொல்ல வேண்டியதில்லை.

பணம். பெரிய டிவிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28லிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது. டிவிக்குக் கொட்டேஷன் வாங்கும்போது எந்த விகிதம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடா, ஆஸ்திரேலியா குடியுரிமை வாங்கியவர்கள், இந்திய வம்சாவளிக்காரர்களுக்குத் தருகிற ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்சிஆர்ஏ சட்டத்துக்கு வெளிநாட்டவர். அவர்கள் பணத்தை அந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்புதான் வாங்கலாம், அதுவும் டெல்லி ஸ்டேட் பாங்க் கிளையில் அதற்கென்று வைத்திருக்கும் கணக்கில். என் கணக்குக்குப் போடுங்கள், நான் கொடுத்துவிடுகிறேன் என்று மாமா எழுதியது நல்ல மனசில்தான். ஆனால் நாளைக்குக் கணக்கு கேட்டால் மாட்டுவது ஃபாதர்.

இப்போது ஒரு உதவி. ஊரில் இருக்கிறவர்கள் யாராவது வரும் ஞாயிறு ஏழரைப் பூசைக்குக் கடைசி பெஞ்சிலிருந்து போனில் நாலு படம் எடுத்துப் போடுங்கள், கதவு திறந்தபடியே. பூசை முடிந்ததும் பீடப் படியிலிருந்து வாசல் வரை, தூணுக்குத் தூண், டேப் பிடித்து அளந்து அனுப்புங்கள். டேப் எங்கள் வீட்டு அலமாரி மேல்தட்டில் இருக்கிறது, அம்மாவிடம் கேட்டால் எடுத்துக் கொடுப்பாள்.