மறு: மறு: 'கன்ட்ரி'க்கு நாடுன்னே போட்டுடலாமா?

எல்லாருக்கும் வணக்கம், ஆஸ்திரேலிய பூர்வகுடி மக்கள் தங்களோட இடத்த இங்கிலீஷ்ல 'கன்ட்ரி' (Country)ங்கறாங்க, அத தமிழ்ல எப்படி போடறதுங்கற பேச்சுக்கு என் பதில் இது.

> ஆஸ்திரேலிய பூர்வகுடி மக்கள் பத்தின கட்டுரைகள்ல 'கன்ட்ரி' வர்ற இடத்துல எல்லாம் நாடுன்னே போட்டிருக்கேன். எளிமையா இருக்கு, யாருக்கும் புரியும்.

ஐயா, நீங்க சொல்ற மாதிரி புரியுது, ஆனா வேற ஒண்ணுல்ல புரியுது. நாடுன்னா படிக்கறவங்க கான்பெர்ரா, பாஸ்போர்ட், கிரிக்கெட் டீம்னு போயிடுவாங்க. இவங்க சொல்ற கன்ட்ரி அந்த மொத்த ஆஸ்திரேலியாவே இல்ல, ஒரு குலத்துக்கு, ஒரு குடும்பத்துக்குன்னு இருக்கற குறிப்பிட்ட இடம், அதோட சுனை, பாறை, மீன், காத்து, செத்துப்போன பெரியவங்க, அந்த இடத்த உண்டாக்கின மூதாதைகள், அவங்க நடந்த வழி, அதுக்கான பாட்டு, சட்டம் எல்லாமே சேர்த்து. அந்த மக்களோட பழகி ஆய்வு பண்ணின மானிடவியலாளர் டெபரா பேர்ட் ரோஸ் 1996ல இத எழுதறப்போ, அந்த மக்கள் கன்ட்ரிய ஒரு ஆள பத்தி பேசற மாதிரிதான் பேசுவாங்கன்னு சொல்றாங்க, அதுகிட்ட பேசுவாங்க, அதுக்குப் பாடுவாங்க, போய் பாத்துட்டு வருவாங்க, அத நினைச்சு கவலைப்படுவாங்க, பாவம்னு இரக்கப்படுவாங்க, பாக்காம ஏங்கிப்போவாங்க. இந்த வரியில நாடுன்னு போட்டுப் பாருங்க, சுதந்திர தின உரை மாதிரி ஆயிடுது.

இதவிட பெரிய ஆட்சேபம் எனக்கு ஒண்ணு இருக்கு. நம்ம மொழியில நாடுன்னா காட்டுக்கு எதிர். "நாடா கொன்றோ காடா கொன்றோ"ன்னு ஔவையார் புறநானூத்துல பிரிச்சே வைக்கறாங்க. பட்டினப்பாலையில கரிகாலன புகழறப்போ "காடு கொன்று நாடாக்கி"ன்னு வருது. வெட்டி, திருத்தி, உழுதாத்தான் நாடு. 1788க்கு அப்புறம் வந்து இறங்கின வெள்ளைக்காரங்களும் கிட்டத்தட்ட இதத்தான் சொன்னாங்க, இங்க உழவு இல்ல வேலி இல்ல, அதனால யாருக்கும் சொந்தமில்லாத நிலம்னு. ரோஸ் எழுதினதுலயே ஒரு இடம் வரும், வடக்குல விக்டோரியா ஆத்துப் பக்கம் மாட்டுப் பண்ணையால மண்ணு அரிச்சு பாழாப்போன ஒரு இடத்த காட்டி அங்கத்து பெரியவர் ஒருத்தர் இதுதான் காட்டுத்தனமா கிடக்கற இடம்ங்கறார், தலைமுறை தலைமுறையா ஆளுங்க பாத்துக்கிட்டு வந்த இடம், அதாவது நம்ம கண்ணுக்கு வெறும் காடா தெரியறது, அவருக்கு அமைதியான கன்ட்ரி. வடக்குல மழைக்காலம் முடிஞ்சு புல்லு காய ஆரம்பிக்கறப்பவே சின்னச் சின்னதா தீ வெச்சுட்டு வருவாங்க, அதுக்குப் பேரு கன்ட்ரிய சுத்தம் பண்றது, பண்ணலன்னா பின்னாடி பெரிய தீ வரும், அப்புறம் பாத்துக்க ஆளில்லாத இடம்னும் தெரிஞ்சுபோகும். காடு-நாடு கணக்கு இங்க தலைகீழா நிக்குது. இத நாடுன்னு மொழிபெயர்க்கறது அவங்க வாயில கரிகாலன் பேச்ச வைக்கறதுதான்.

நாடுக்குப் பதிலா நிலம், மண்ணுன்னு வெச்சா ரெண்டும் கடல்லயே மூழ்கிடும், ஏன்னா கடல் கன்ட்ரி உண்டு. வட ஆஸ்திரேலியாவுல ஆர்னம்லேண்டோட யோல்ஙு மக்களுக்கு கரையில ஆரம்பிச்சு தண்ணிக்குள்ள தொடர்ந்து போற ஒரே சொந்தம் அது. 2008ல அந்தப் பக்கத்து ப்ளூ மட் பே வழக்குல ஹைகோர்ட்டே (அங்க அதுதான் நாட்டோட உச்ச நீதிமன்றம்), அங்கத்து பூர்வகுடி நிலத்துல ஓதத் தண்ணி ஏறி இறங்கற பகுதியில அவங்க அனுமதி இல்லாம மீன் பிடிக்க முடியாதுன்னு சொல்லுச்சு.

> பூர்வீகம், பூர்வீக நிலம் - ஏன் கூடாது?

நமக்கு பூர்வீகம்னாலே பங்கு பிரிக்கற விஷயம், பட்டா, வில்லங்கம். அதுதான் அங்க கோர்ட்ல மாட்டிக்கிட்ட இடமே. ஆர்னம்லேண்ட்ல இருக்கற கோவ் தீபகற்பத்துல பாக்ஸைட் சுரங்கம் வருதுன்னு யோல்ஙு மக்கள் 1963ல மரப்பட்டையில ஓவியம் தீட்டி பார்லிமென்ட்டுக்கு மனு அனுப்பினாங்க, அப்புறம் கேஸ் போட்டாங்க, 1971ல நீதிபதி ப்ளாக்பர்ன் தீர்ப்பு. அவர் அவங்களுக்கு நுணுக்கமான ஒரு சட்டமுறை இருக்குன்னு ஒத்துக்கறார், ஆனா நிலம் குலத்துக்குச் சொந்தம்னு சொல்றதவிட குலம் நிலத்துக்குச் சொந்தம்னு சொல்றதுதான் சுலபம்ங்கறார், அதனாலயே இது சொத்துரிமை ஆகாதுன்னு தள்ளிட்டார்! சாட்சி சொன்னவங்க உண்மைய சொன்னாங்க, அந்த உண்மையே அவங்களுக்கு எதிரா திரும்பிடுச்சு. யாருக்கும் சொந்தமில்லாத நிலம்ங்கற கதை உடைய பூர்வகுடிகளோட நில உரிமைய ஹைகோர்ட் ஒத்துக்கிட்ட 1992 மாபோ தீர்ப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வளவுக்கு அப்புறமும் நாம சொத்து வாசனை அடிக்கற சொல்ல போடலாமா?

தாயகம் கேக்க நல்லா இருக்கு, ஆனா தாய் பக்கம் மட்டும்தான் வருது, அதனால பாதிதான். நடு ஆஸ்திரேலியப் பாலைவனத்து வார்ல்பிரி மக்கள்ல அப்பா வழியில ஒரு இடத்துக்கு கிர்டா ஆவாங்க, அம்மா வழியில இன்னொரு இடத்துக்கு குர்டுங்குர்லு, அதாவது சடங்கு ஒழுங்கா நடக்குதான்னு மேற்பார்வை பாக்கறவங்க. ரெண்டு பேரும் இல்லாம சடங்கு நடக்காது.

கன்ட்ரிக்கு திணைன்னு வைக்கலாம்னு அக்கா முன்னாடி சொன்னதுதான் என்னை ரொம்ப யோசிக்க வெச்சுது. முதல், கரு, உரின்னு நிலமும் பொழுதும் தெய்வமும் பறவையும் பறையும் மனசும் ஒரே கட்டுல வருது, உலகத்துல வேற யாருக்கு இப்படி ஒரு சொல் கைவசம் இருக்கு. ஆனா திணை ஒரு வகை அக்கா. குறிஞ்சி எந்த மலையில இருந்தாலும் குறிஞ்சி. கன்ட்ரி அப்படி இல்ல, பக்கத்துலயே அதே மாதிரி மணல், அதே மாதிரி புல்லு இருந்தாலும் அது இன்னொருத்தர் கன்ட்ரி, கேக்காம உள்ள போகக்கூடாது. ஊர்னு வெச்சா அந்தத் தனித்தன்மை கிடைக்குது, "உங்களுக்கு எந்த ஊரு"ன்னு கேக்கறதுல அந்த ஒட்டுதலும் இருக்கு, ஆனா ஊர்னா சேரி வெளிய நிக்குதே, அந்தச் சொல்ல இன்னொரு ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசு வரல.

என் பரிந்துரை: உறவுப்புலம். புலம்னா இடம், வயல், திசை, அறிவும் கூட. தென்புலத்தார்னு வள்ளுவர் சொல்றது செத்துப்போன முன்னோர்கள, அதுவும் பொருந்துது. கடற்புலம், வான்புலம்னு நீட்டலாம், புலம் பேணல்னு சொல்லலாம். இங்கிலீஷ்ல பெரிய C போட்டு இந்த கன்ட்ரிய தனிச்சுக் காட்டறாங்க, தமிழ்ல கேப்பிட்டல் லெட்டர் போட்டு அப்படிக் காட்ட வழியில்ல, அதனால முன்னாடி 'உறவு' வேணும்.

(அவங்க மொழிச் சொல்லையே வெச்சா என்னன்னு கேப்பீங்க. நடு ஆஸ்திரேலியாவுல பேசற பிட்ஜன்ஜாரா மொழியில ஙுரா, ராத்திரி தங்கற இடத்துல ஆரம்பிச்சு மொத்த தாய்மண் வரைக்கும் அதே சொல். நம்ம எழுத்துல ஙவும் இருக்கு, அந்த மொழிகள் பலதுல ந, ன, ண நம்மள மாதிரியே தனித்தனி, இங்கிலீஷ்காரங்கள விட நாம சரியா எழுதிடலாம். ஆனா 250க்கு மேல மொழி இருந்த கண்டத்துல ஒண்ண மட்டும் எடுத்து எல்லாருக்கும் ஒட்டறது சரியில்ல.)

---

மறு: மறு: மறு:

வணக்கம் தம்பி, மெல்பர்ன்ல இருந்து எழுதுறன். உறவு சரி, புலம்தான் இடிக்குது. எங்கட ஆக்களுக்கு புலம் எண்டால் புலம்பெயர்ந்து வந்த நாடு, 'புலத்திலயும் ஊரிலயும்' எண்டுதான் கதைக்கிறனாங்கள். யோல்ஙு சனத்தின்ர சொந்த இடத்துக்கு அதே சொல்லோ? இஞ்ச வந்து குடியேறின நாங்கள் நிக்கிற இடமெல்லோ புலம். கிளைநிலம் எண்டால் என்ன, கிளை எண்டால் உறவுதானே.

---

அக்கா, நீங்க சொல்ற வழக்கு எனக்குத் தெரியும், ஆனா இந்த இடத்துல இடிக்கும்னு தோணல, இப்போ நல்லாவே இடிக்குது. கிளைநிலத்துல கடல் போயிடுது, கிளைன்னா பேங்க் பிராஞ்ச் வேற ஞாபகம் வரும். அதனால தனியா 'புலம்'னு எங்கயும் விடாம, எப்பவும் உறவுப்புலம்னு முழுசாவே எழுதறதுன்னு வெச்சுக்கலாமா? கடல் வந்தா உறவுக்கடல்.

அடுத்து ஆஸ்திரேலியாவுல கூட்டம் ஆரம்பத்துல வர்ற ரெண்டு வழக்கம், அதுக்கும் தமிழ்ல சொல் வேணும். ஒண்ணு அந்த இடத்துக்காரங்க மட்டுமே தர்ற வரவேற்பு, அதுக்கு உறவுப்புல வரவேற்பு போதும். இன்னொண்ணு யார் வேணா, நீங்களோ நானோ எழுந்து நின்னு இது இன்னார் இடம்னு மரியாதையா சொல்றது. இதுக்குத்தான் சொல் சிக்கல, மதிப்புரைன்னா புத்தக விமர்சனம், வணக்கம்னா சாமி கும்பிடற மாதிரி. நீங்க அங்க நேர்ல கேக்கறவங்க, உங்க தமிழ்ச் சங்கக் கூட்டங்கள்ல இத எப்படி சொல்றாங்கன்னு எழுதுங்க, அதுக்கப்புறம் நம்ம சொற்பட்டியல்ல ஏத்தலாம்.