லிம் சூ காங்: அகலச் சாலைக்கு இப்போதே இடம் ஒதுக்குவதா?

தெங்கா வாசி:
சிங்கப்பூரின் லிம் சூ காங் வட்டாரத்தில் 390 ஹெக்டரில் உயர்தொழில்நுட்ப உணவுப் பண்ணைகள் வரும் என்று 2020-இல் அறிவித்தார்கள். பண்ணை வந்தால் லாரி வரும், வேலைக்கு ஆள் வருவார்கள். அங்குள்ள நியோ தியூ சாலையில் போக ஒரு தடம், வர ஒரு தடம், அவ்வளவுதான். பெரிய லாரி வந்தால் சைக்கிளில் போகிறவர் புல்லில் இறங்கி நிற்கிறார். நிலம் காலியாக இருக்கும்போதே ஆறு தடச் சாலைக்கு இடம் ஒதுக்கிவிட வேண்டும். புக்கிட் பிரவுன் இடுகாட்டில் பிறகு சாலை போட்டதால் 3,700-க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்ட வேண்டி வந்தது.

மழைமரம்:
காலி நிலமா? 1986-இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை காட்டை இரண்டாகப் பிரித்தது. சாலையைக் கடக்கப் போன எறும்புதின்னிகள் அடிபட்டுச் செத்தன. விலங்குகளுக்கென்று மேலே ஒரு பாலம் கட்ட 2013 ஆகிவிட்டது. அது 62 மீட்டர் நீளப் பாலம். அங்கேயும் வரைபடம் போட்டபோது 'காலி'யாகத்தான் தெரிந்திருக்கும். அப்புறம், லிம் சூ காங் சாலை ஒரு மரபுடைமைச் சாலை. இரு பக்கமும் 10 மீட்டர் பசுமைப் பட்டைக்குப் பாதுகாப்பு உண்டு. அகலப்படுத்தினால் முதலில் போவது அந்த மரங்கள்தான்.

தெங்கா வாசி:
அதற்காகத்தானே முன்கூட்டியே திட்டமிடச் சொல்கிறேன். எங்கள் தெங்கா புதுநகரில் வீடு எழும்புவதற்கு முன்பே 5 கிலோமீட்டர் நீளம், 100 மீட்டர் அகலத்துக்கு விலங்குகள் போகக் காட்டுப் பாதை குறித்துவிட்டார்கள். சாலைக்கு ஒதுக்கும் இடத்திலேயே மரத்துக்கும் பேருந்துக்கும் பங்கு வைக்கலாம்.

முட்டை லாரி:
நான் விடிகாலை நாலு மணிக்கு முட்டை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவன். வளைவில் எதிரே விளக்கு தெரிந்தாலே பிரேக்கில் கால் வைத்துவிடுவேன். பின்னால் முட்டைத் தட்டுகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்கும். மரத்தின் அருமை எனக்கும் தெரியும் மழைமரம். ஆனால் ஓரம் ஒதுங்க இடமில்லாத சாலையில் ஓட்டிப் பாருங்கள்.

மழைமரம்:
அண்ணே, ஒதுங்க இடம் வேண்டும் என்பது நியாயம். அதற்கு வளைவுகளைச் சரிசெய்தால் போதும். ஆறு தடம் எதற்கு?

பண்ணையாள்:
ஒன்பது வருஷம் அந்தப் பக்கம் கீரைப் பண்ணையில் வேலை பார்த்தேன். பண்ணைக்கு 20 வருஷக் குத்தகைதான் கொடுக்கிறார்கள். நிலத்தின் குறுக்கே சாலை வருமாம் என்று பேச்சு கிளம்பியதும் எங்கள் முதலாளி கிழிந்த வலையைக்கூட மாற்றவில்லை. "எடுக்கப்போகிற நிலத்தில் எதற்கு?" என்றார். வரைபடத்தில் கோடு போடுவதற்கு முன், அந்தக் கோட்டில் இருக்கிறவனுக்கு எத்தனை வருஷம் மிச்சம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, வேலை முடிந்து 975 பேருந்தைத் தவறவிட்டால் கொசுக்கடியில் நிற்க வேண்டும். அது அடிக்கடி வந்தாலே எங்கள் பாதிக் கஷ்டம் தீரும்.

தெங்கா வாசி:
குத்தகை விஷயம் நான் யோசிக்காதது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடிக்கடி பேருந்து விட்டால் அதுவும் இந்த ஒரே தடத்தில் லாரிக்குப் பின்னால்தானே ஊர்ந்து வரும்? இடம் ஒதுக்கவே கூடாது என்கிறீர்களா, எவ்வளவு என்பதில்தான் சண்டையா?

பண்ணையாள்:
எவ்வளவு, எப்போது, இரண்டிலும்தான் தம்பி. முதலில் பேருந்து விடட்டும். அது நிரம்பி வழியும்போது தடத்தைப் பற்றிப் பேசுவோம்.