கேமரா தெரிந்த எனக்குக் கைப்பேசி வகுப்பு எடுக்கத் தெரியவில்லை, எதில் தொடங்குவது?

கேள்வி

வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக விழாக்களுக்கும் நிறுவனங்களுக்கும் வீடியோ எடுத்துக் கொடுப்பதே என் தொழில். சிறுதொழில் செய்வோர் இருபது பேருக்குக் கைப்பேசியிலேயே வீடியோ எடுக்கக் கற்றுத்தர முடியுமா என்று அண்மையில் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னால் போதும் என்று நினைத்துக்கொண்டு, முதல் நாள் காலை முழுவதும் ஷட்டர் வேகம் (ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை எவ்வளவு நேரம் உள்ளே விடுவது), ஐஎஸ்ஓ (ஒளியுணர் திறன்), பிரேம் வீதம் (நொடிக்கு எத்தனை படம்) என்று விளக்கினேன். பிற்பகலில் ஆளுக்கொரு நிமிட வீடியோ எடுத்து வரச் சொன்னால், பெரும்பாலானவற்றில் பேசுபவர் ஜன்னலுக்கு முன்னால் கரிய நிழலாக நிற்கிறார். குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. ஓர் அம்மையார் எழுந்து, "நீங்கள் காலையில் சொன்னது எதுவும் என் கைப்பேசியில் இல்லையே" என்றார். அவர் சொன்னது சரிதான். பல கைப்பேசிகளோடு வரும் கேமரா செயலியில் ஷட்டர் வேகத்தைக் கையால் மாற்ற வழியே கிடையாது. அதைக்கூடப் பார்க்காமல் வகுப்புக்குப் போயிருக்கிறேன்.

அடுத்த மாதம் மீண்டும் இரண்டு நாள் வகுப்பு இருக்கிறது. எதை முதலில் சொல்வது, எதை விட்டுவிடுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1

நண்பரே, நானும் கேமராவிலிருந்து கற்பித்தலுக்கு வந்தவன்; இதே பள்ளத்தில்தான் விழுந்து எழுந்தேன். இப்போதெல்லாம் முதல் ஒரு மணி நேரத்தில் கேமராவைப் பற்றிப் பேசுவதே இல்லை. முதலில் லென்ஸைத் துணியால் துடைக்கச் சொல்கிறேன். நாள் முழுவதும் சட்டைப் பையிலும் கையிலும் கிடக்கும் பொருளில் விரல் பிசுக்கு படியாமல் இருக்காது. படத்தில் விளக்கைச் சுற்றிப் புகை போலப் படர்வதற்குப் பாதி நேரம் அதுதான் காரணம். அடுத்து, ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பவரை அப்படியே ஜன்னலைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி, இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். அதன் பிறகு ஒளியைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையிருப்பதில்லை.

மூன்றாவதாக, திரையில் முகத்தின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் (படத்தின் தெளிவு) எக்ஸ்போஷரையும் (ஒளியின் அளவு) பூட்டுவது. பேசிக்கொண்டிருக்கும்போதே படம் வெளுத்தும் கறுத்தும் மாறுவது இதனால் பெருமளவு நின்றுவிடும். பிறகு, கைப்பேசியை அசைக்காமல் பத்து நொடி பிடிக்கும் பயிற்சி. சொல்ல எளிது, இடமும் வலமும் திருப்பாமல் பத்து நொடி நிற்பவர்கள் முதல் நாளில் மிகச் சிலரே. விரலால் விரித்துப் பெரிதாக்கும் பழக்கத்தையும் அன்றே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் படத்தின் நடுப்பகுதி வெட்டி ஊதப்படுகிறதே ஒழிய, லென்ஸ் ஒன்றும் அருகில் போவதில்லை. கிட்டப் போக வேண்டுமானால் கால்களால் போகட்டும்.

கிம்பல் (அசைவைச் சமன்செய்யும் கைப்பிடி) வாங்கலாமா என்று எவரேனும் கட்டாயம் கேட்பார்கள். ஸ்டாண்டில் நிறுத்தி எடுக்கக் கற்ற பிறகு கேளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

பதில் 2

எடிட்டிங் மேசையில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் ஒரு சிறு மறுப்பு. மேலே நண்பர் சொன்ன வரிசையில் ஒலியே இல்லை. படம் சற்று மங்கலாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு பார்ப்பவர்கள், பேச்சு புரியாவிட்டால் சில நொடிகளிலேயே தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். மைக்குக்கும் வாய்க்கும் இடையிலான தூரம் இருமடங்கானால், திறந்த வெளியில் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. அறைக்குள்ளோ சுவர்களின் எதிரொலி அப்படியே இருக்க, குரல் மட்டும் குறைகிறது. உங்களுக்குக் கிணற்றுக் குரலாகக் கேட்டது இதுதான். காலர் மைக் இல்லாதவர்கள், இன்னொரு கைப்பேசியில் குரல் பதிவை ஓடவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தொடக்கத்தில் கேமரா முன் ஒருமுறை கை தட்டினால் போதும். அந்தத் தட்டலை வைத்துப் பிறகு இரண்டையும் பொருத்திக்கொள்ளலாம். நீண்ட பதிவானால் ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். கைப்பேசிகள் பல, நொடிக்கு இத்தனை பிரேம் என்ற கணக்கைச் சீராகக் காப்பதில்லை. சில எடிட்டிங் மென்பொருள்களில் போகப்போக உதடும் குரலும் விலகும். கோப்பை முதலில் நிலையான பிரேம் வீதத்துக்கு மாற்றிவிட்டு எடிட் செய்வதே பாதுகாப்பு.

ஷட்டர் வேகத்தையும் முழுவதுமாக ஒதுக்கிவிட வேண்டாம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடும் இடங்களில் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. படத்தில் பட்டை பட்டையாக ஓடினால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியாக வைத்தால் அடங்கும். ஆனால் பட்டை ஓடுவதை அவர்களே பார்த்துவிட்டு "இது என்ன?" என்று கேட்கும்போது சொல்லுங்கள், அதற்கு முன்பு சொல்வது வீண்.

4கே (1080பி-யைவிட நுணுக்கமான படத்தரம்) வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், பழகும்வரை வேண்டாம் என்பதே. ஐபோனில் எச்.இ.வி.சி. என்ற கோப்பைச் சுருக்கும் முறையில் நொடிக்கு 30 பிரேம் எடுத்தால், 1080பி நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பியும் 4கே சுமார் 170 எம்பியும் பிடிக்கும். வகுப்பின் நடுவில் "இடமில்லை" என்று கைப்பேசி சொன்னால் அன்றைய பயிற்சி அவ்வளவுதான்.

பதில் 3

நான் மாணவியாக இருந்தவள். தையல் தொழில் செய்கிறேன். எனக்கு இன்றும் நினைவிலிருப்பது ஒரே ஒரு பயிற்சிதான். நான் தைப்பதைத் தொலைவிலிருந்து ஒரே நீள ஷாட்டாக எடுத்துக் காட்டினேன். ஆசிரியர் குறை சொல்லாமல், அதே வேலையை முதலில் இயந்திரம் முழுவதும் தெரியும்படியும், பிறகு துணியைத் தள்ளும் கைகள் மட்டுமாகவும், கடைசியில் ஊசி முனை ஏறி இறங்குவது மட்டுமாகவும் எடுக்கச் சொன்னார். மூன்றையும் ஒட்டிப் பார்த்தபோது, என் வேலை எனக்கே புதிதாகத் தெரிந்தது. ஐயா, தாங்களும் மாதிரி வீடியோக்களைக் காட்டுவதைக் காட்டிலும் எங்கள் வீடியோக்களையே பெரிய திரையில் போட்டுப் பேசினால் நன்றாகப் பிடிபடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேறொரு வகுப்பில் கற்பித்தவர், தவறு செய்பவரின் கைப்பேசியை வாங்கித் தாமே சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் எங்கே தொட்டார் என்பதே எனக்குத் தெரியவில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கடைசியில் சொன்ன குற்றத்தை நானும் செய்தேன். அவசரத்தில் ஐந்தாறு பேரின் கைப்பேசியை வாங்கித் திருத்திக் கொடுத்தேன். இந்த முறை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் போகிறேன். முதல் நாள் காலை துணி, ஜன்னல், பத்து நொடி. பிற்பகல் முழுவதும் ஒலி. இரண்டாம் நாள் ஒரே வேலையை மூன்று அளவில் எடுத்து ஒட்டுவது. ஷட்டர் வேகத்துக்காக நான் தயாரித்த நாற்பது ஸ்லைடுகளில் ஒன்றை மட்டும் எடுத்துப் போகிறேன், எவராவது பட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டால் காட்டுவதற்கு.